களிமண் பிசைந்தால் கேரக்டர் மாடலிங் கைவருமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. சென்னையில் ஒரு கேம் ஆர்ட் ஸ்டூடியோவில் மூன்று வருடமாக கேரக்டர் மாடலராக, அதாவது கணினியில் முப்பரிமாண உருவங்கள் செய்பவராக, இருக்கிறேன். இசட்பிரஷ், மாயா, சப்ஸ்டன்ஸ் என்ற மூன்று சாப்ட்வேரும் நன்றாகத் தெரியும், வேலையை வேகமாகவும் முடிப்பேன். ஆனால் என் முகங்கள் எல்லாம் கடை பொம்மை மாதிரி இருக்கின்றன என்று லீட் (அணித் தலைவர்) சொல்கிறார். தோலில் உள்ள துளை வரைக்கும் பார்த்துப் பார்த்துச் செய்தும் உயிர் வரவில்லை. வெளிநாட்டு ஸ்டூடியோக்களுக்கு போர்ட்ஃபோலியோ அனுப்பினேன், பதிலே இல்லை. "கொஞ்ச நாள் களிமண்ணில் வேலை செய், சரியாகிவிடும்" என்கிறார் லீட். இது பழைய ஆட்கள் வழக்கமாகச் சொல்வதா, நிஜமாகவே பயன் உண்டா? எந்த மண் வாங்குவது, எங்கே கற்றுக்கொள்வது? நாலு பேர் தங்கியிருக்கும் அறை என்னுடையது. வேலையை விட்டுவிட்டு கவின் கலைக் கல்லூரியில் சேரலாமா என்றுகூட யோசிக்கிறேன். என் வேலைகளில் நாலு படம் இணைத்திருக்கிறேன்.

பதில்:

தம்பி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையை விடாதீர்கள். கவின் கலைக் கல்லூரி நல்ல இடம்தான், 1850-இல் தொடங்கியது, இந்த ஊரில் உருவச் சிற்பம் தெரிந்த பலர் அந்த வாசல் வழியாக வந்தவர்கள். ஆனால் அங்கே சேர்ந்தால் வருடக்கணக்கில் படிக்க வேண்டும், சிற்பி ஆவதற்குத்தான் சொல்லித்தருவார்கள். நீங்கள் சிற்பி ஆக வேண்டியதில்லை, ஒரு முகத்தைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தால் போதும். அதற்கு ஒரு பலகை, ஒரு துண்டு பைப், பத்துக் கிலோ மண், சனி ஞாயிறு, இவ்வளவுதான் வேண்டும்.

உங்கள் லீட் சொன்னது சரி, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். மண்ணைத் தொட்டாலே கையில் ஏதோ ஞானம் ஏறிவிடும் என்பது போல நம் துறையில் ஒரு பேச்சு உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. வினாயகர் சதுர்த்திக்கு முன்னால் ஒரு மாதம் பூராவும் மண்ணில் கை வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் முகம் செய்யத் தெரிந்தவர்கள் இல்லை. மண்ணால் ஒரே ஒரு உபகாரம்தான். சாப்ட்வேர் எதையெல்லாம் பார்க்காமலே தாண்டிப்போக உங்களை விடுகிறதோ, அதையெல்லாம் அது தாண்டவிடாது. அதனால் நீங்கள் எதைத் தாண்டிப்போகிறீர்கள் என்று முதலில் தெரிய வேண்டும். அது தெரியாமல் மண்ணில் உட்கார்ந்தால், இசட்பிரஷில் செய்கிற அதே பொம்மையை மண்ணிலும் செய்வீர்கள், கூடுதலாகத் தரையும் அழுக்காகும்.

நீங்கள் அனுப்பியதில் அந்த வயதான மீனவர் முகத்தையே எடுத்துக்கொள்வோம். தோல் அருமை. சுருக்கம், துளை, உதட்டு வெடிப்பு எல்லாம் பிரமாதம், ஆல்ஃபாவை (தோல் வடிவம் பதிக்கும் அச்சை) எங்கே அழுத்த வேண்டும் எங்கே விட வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் பக்கவாட்டுப் படத்தைத் திறந்து பாருங்கள். கண் எங்கே இருக்கிறது? புருவத்துக்குக் கீழே உள்ளே போய் உட்கார வேண்டிய விழி, ஏறக்குறைய நெற்றியோடு ஒரே மட்டத்தில் நிற்கிறது. வாய் தட்டையாக ஒட்டவைத்தது போல இருக்கிறது. பின்மண்டை பாதியைக் காணோம். இந்த மூன்றும் சரியில்லாதபோது பத்தாயிரம் துளை போட்டாலும் அது பொம்மைதான், நுணுக்கமான பொம்மை.

இதை நீங்கள் ஏன் பார்க்கவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. இசட்பிரஷைத் திறந்தால் வருகிற அந்தச் சிவப்பு மெழுகு மெட்டீரியலில், அதாவது மேட்கேப்பில், நிழல் விழாது. ஒரு பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மட்டும் வைத்து அது நிறம் போடும், அந்தப் பரப்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அதற்குக் கவலையில்லை. புருவ எலும்பின் நிழல் கண்மேல் விழாது, மூக்கின் நிழல் மேலுதட்டில் விழாது. ஆகவே விழியை அரை சென்டிமீட்டர் முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் முன்பக்கம் பார்க்கும்போது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். அதே முகத்தை மண்ணில் செய்து ஜன்னல் பக்கம் திருப்பி வையுங்கள், கண்குழியில் இருட்டு விழவில்லை என்றால் அறைக்குள் வருகிற ரூம்மேட்கூட "என்னடா முழிச்சுக்கிட்டு இருக்கு" என்பான். அவனுக்கு அனாடமி தெரிய வேண்டியதே இல்லை.

இரண்டாவது, பிரஷ் வேலை செய்கிற விதம். சாப்ட்வேரில் பெரும்பாலான பிரஷ்கள் இருக்கிற பரப்பை அது பார்க்கிற திசையிலேயே வெளியே தள்ளும். கன்னத்தைக் கூட்ட வேண்டும் என்று நாலு தடவை இழுத்தால் கன்னம் உப்பும், தாடையைக் கூட்டினால் தாடையும் உப்பும், அப்புறம் எல்லாம் உப்பிய பிறகு ஷிஃப்டை அழுத்தி ஸ்மூத் போட்டுத் தேய்ப்போம். இப்படி உப்பி, தேய்த்து, உப்பி, தேய்த்து வந்த முகத்தில் எலும்பு எங்கே முடிகிறது சதை எங்கே தொடங்குகிறது என்று ஒரு இடத்திலும் தெரியாது. மண் உப்பாது. ஒரு துண்டு எடுத்து, இந்த இடத்தில், இந்தத் திசையில், இவ்வளவு கனத்தில் என்று முடிவு செய்து வைக்க வேண்டும், வைத்த பிறகு மரக்கட்டையால் தட்டித் தளம், அதாவது தட்டையான பரப்பு, எடுக்க வேண்டும். நெற்றி முன்னால் ஒரு தளம், பொட்டுப் பக்கம் (கண்ணுக்கும் காதுக்கும் இடையில்) திரும்புகிற இடத்தில் இன்னொரு தளம், நடுவில் ஒரு விளிம்பு. அந்த விளிம்பு எங்கே வருகிறது என்பதில்தான் ஒருவர் முகம் இன்னொருவர் முகத்திலிருந்து பிரிகிறது. ஓவியர் ஜான் அசாரோ 1976-இல் தலையை இப்படித் தளம் தளமாகப் பிரித்து ஒரு மாதிரித் தலை செய்தார், இன்றைக்கும் ஓவிய வகுப்புகளில் அது இருக்கிறது, இணையத்தில் படம் கிடைக்கும், முதலில் அதைப் பார்த்துச் செய்வது நல்லது.

மூன்றாவது சிமெட்ரி. எக்ஸ் பட்டனை அழுத்திவிட்டு வேலையை ஆரம்பித்தால் பாதி முகம்தான் செய்கிறீர்கள், மீதி தானாக வருகிறது. மண்ணில் இடது கண்ணைச் செய்து முடித்துவிட்டு வலது கண்ணுக்கு வந்தால்தான் தெரியும், இடது கண்ணை நாம் புரிந்துகொண்டு செய்யவில்லை, குருட்டாம்போக்கில் செய்தோம் என்று. இரண்டாவது முறை அதே கண் வராது. கவைக்கோல் (காலிப்பர்) வைத்து அளந்து, பின்னால் தள்ளி நின்று பார்த்து, செல்போனில் படம் எடுத்து இடவலம் திருப்பிப் பார்த்து, அப்படித்தான் கொண்டுவர வேண்டும். எரிச்சலான வேலை. அந்த எரிச்சலில்தான் கற்றுக்கொள்கிறோம் என்பேன்.

சரி, மண்ணுக்கு வருவோம்.

ஆன்லைனில் பார்த்தால் நாலைந்து வகை காட்டும். எண்ணெய் மண், அதாவது சினிமா மேக்கப் ஸ்டூடியோக்களிலும் கார் டிசைன் ஸ்டூடியோக்களிலும் பயன்படுத்துகிற வகை, காயாது, சுத்தம், வாரக்கணக்கில் வைத்து வேலை செய்யலாம், ஆனால் நல்லது எல்லாம் இறக்குமதி, விலை கையைக் கடிக்கும். அடுத்தது பாலிமர் கிளே, 130 டிகிரி அளவில் ஓவனில் சுட்டால் இறுகிவிடும், சின்ன ஃபிகரின் செய்து விற்கிறவர்களுக்கு உகந்தது, உங்களுக்கு வேண்டாம், ஏனென்றால் அது உங்களை மறுபடி நுணுக்க வேலைக்கே இழுக்கும். ஏர் டிரை கிளே வாங்கவே வாங்காதீர்கள், பாதி வேலையில் சுருங்கி வெடிக்கும். உங்களுக்குச் சாதாரணக் குயவர் மண் போதும். மலிவு, உடைக்க மனசு வலிக்காது. திரும்பத் திரும்ப உடைப்பதுதான் உங்கள் வேலையே என்பதால் மலிவாக இருப்பது முக்கியம்.

சென்னையில் கொசப்பேட்டைப் பக்கம் போனால் மண் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பிள்ளையாரும் கொலு பொம்மையும் அங்கே செய்வார்கள். சதுர்த்திக்கு முந்தைய வாரங்களில் போகாதீர்கள், யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. மற்ற நாளில் போய் "பழகுவதற்கு மண் வேண்டும் அண்ணே" என்று கேட்டால், பிசைந்த மண்ணாகவே கிடைக்க வாய்ப்புண்டு. அங்கே முகம் செய்யக் கற்றுக்கொள்ளலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம், பிள்ளையார் பெரும்பாலும் அச்சில் அழுத்தி எடுப்பது. ஆனால் பதம் என்றால் என்ன என்று அவர்களிடம்தான் தெரிந்துகொள்ள முடியும். விரல் கனத்துக்கு ஒரு திரி உருட்டி ஆள்காட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடித்தால் மண் காய்ந்திருக்கிறது, விரலில் அப்பிக்கொண்டால் ஈரம் அதிகம், வெடிக்காமல் ஒட்டாமல் வளைந்தால் சரி. ஈரம் அதிகமானால் சாக்குத்துணிமேல் பரப்பி மின்விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் வையுங்கள், அப்புறம் பிசையுங்கள். சப்பாத்தி மாவு பிசைகிற அதே அழுத்தம்தான், கையடியால் தள்ளி மடித்துத் தள்ளி மடித்து. சுடப்போவதில்லை என்பதால் உள்ளே காற்று இருக்கிறதா என்று ரொம்பக் கவலைப்பட வேண்டாம், ஆனால் கல் இருந்தால் எடுத்துவிடுங்கள், இமை இழைக்கும்போது கல் மாட்டினால் அன்றைய மூடே போய்விடும்.

நாலு பேர் அறையில் ஆளளவுத் தலை வேண்டாம். அரை அளவு போதும், அதாவது உச்சியிலிருந்து மோவாய் வரை 11 சென்டிமீட்டர் சுமார். ஒரு அடிச் சதுர பிளைவுட், நடுவில் அரை இஞ்ச் ஜி.ஐ. பைப் ஒரு சாண் நீளம், அடியில் ஃபிளாஞ்ச் (பைப்பைப் பலகையில் பிடிக்கும் தட்டு) போட்டு ஸ்க்ரூ. ஹார்டுவேர் கடையில் சொன்னால் மரை போட்டே தருவார்கள். பைப்பின் மேல்பகுதியில் பழைய செய்தித்தாளைக் கசக்கிச் சணலால் இறுக்கிச் சுற்றுங்கள், சணல்மேல் மண் நன்றாகப் பிடிக்கும். இது இல்லாமல் வெறும் மண்ணை நிறுத்தினால் மறுநாள் காலையில் தலை கழுத்துக்குள் இறங்கியிருக்கும். கேக் அலங்காரம் செய்கிறவர்கள் பயன்படுத்தும் சுழல்தட்டு ஒன்று வாங்கி அதன்மேல் பலகையை வையுங்கள், கருவிகளில் அது மட்டும்தான் காசு கொடுத்து வாங்க வேண்டியது, மற்றவை வீட்டிலேயே ஆகும். மூங்கில் குச்சியைச் சீவி இரண்டு மூன்று கருவி, ஒரு பழைய ஸ்பூன், தளம் தட்ட ஒரு சின்ன மரக்கட்டை. கருவி செட் என்று முப்பது உருப்படி விற்கிறார்கள், அதில் பாதியைத் தொடவே மாட்டீர்கள்.

ராத்திரி முடித்ததும் தண்ணீரைப் புகை மாதிரி லேசாகத் தெளித்து பாலிதீன் கவரால் மூடிக் கட்டிவிடுங்கள். ஈரத்துணியை நேரடியாக முகத்தில் போட்டால் மூக்கும் காதும் நசுங்கும். ஏசி அறை என்றால் மூக்கு நுனியும் காது மடலும்தான் முதலில் காயும், அங்கே மட்டும் கூடுதலாகத் தெளியுங்கள். கையை வாஷ்பேசினில் கழுவாதீர்கள், மண் போய் அடைத்துக்கொண்டால் ஹவுஸ் ஓனருக்கு நான் பதில் சொல்ல முடியாது. ஒரு வாளியில் கழுவி, மண் அடியில் படிந்ததும் மேல் தண்ணீரைக் கொட்டுங்கள், படிந்த மண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். காய்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்கவும் கூடாது, அதில் சிலிக்கா இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது, ஈரத்துணியால் துடையுங்கள். நாலு பேர் தூங்குகிற அறை என்பதால் சொல்கிறேன்.

என்ன செய்வது? முதலில் மண்டையோடு. மருத்துவ மாணவர்களுக்கு விற்கிற பிளாஸ்டிக் மண்டையோடு ஒன்று வாங்குங்கள், இரண்டாம் கையாகக்கூடக் கிடைக்கும். அதைப் பக்கத்தில் வைத்து மண்ணில் செய்து பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் முன்னாலிருந்து பின்னால் போகிற நீளம், மேலிருந்து கீழே வருகிற உயரத்துக்கு அவ்வளவாகக் குறைவதில்லை என்பதே முதல் அதிர்ச்சியாக இருக்கும். உங்கள் மீனவருக்குப் பின்மண்டை காணாமல் போனது இதனால்தான். பற்கள் ஒரு வளைவில் நிற்கின்றன, உதடு அந்த வளைவின்மேல் படிந்திருக்கிறது, அதனால் மேலிருந்து பார்த்தால் வாயின் ஓரங்கள் நடுவை விட நன்றாகப் பின்னால் போயிருக்க வேண்டும். சுழல்தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்று உச்சந்தலை வழியாகக் கீழே பாருங்கள். மானிட்டரில் இந்தக் கோணத்தை யாருமே பார்ப்பதில்லை, முகம் தட்டையா இல்லையா என்பதை இது காட்டுகிற மாதிரி வேறெதுவும் காட்டாது.

அப்புறம் முகம். போட்டோ பார்த்து வேண்டாம், ஆளை உட்காரவைத்துச் செய்யுங்கள். ரூம்மேட் கிரிக்கெட் பார்க்கும்போது அசையாமல்தான் இருப்பான். ஆளும் கிடைக்காவிட்டால் கண்ணாடி முன் உங்கள் முகம். டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரு பக்கம் மட்டும் விளக்கு வையுங்கள், மேலே இருந்து வரும் பொதுவெளிச்சம் மேட்கேப் மாதிரிதான், எல்லாவற்றையும் மறைக்கும்.

கண்ணை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நாலு படத்திலும் அடிபட்டிருப்பது அதுதான். பெரியவர்களின் விழியின் குறுக்களவு சுமார் 24 மில்லிமீட்டர், ஆகவே உங்கள் அரை அளவுத் தலைக்கு 12 மில்லிமீட்டர் உருண்டை. முதலில் கண்குழியைத் தோண்டுங்கள், பயப்படாமல் ஆழமாக. உருண்டையை உள்ளே வையுங்கள். பக்கவாட்டில் பார்த்து, புருவ எலும்புக்கும் கன்ன எலும்புக்கும் இடையே அது எங்கே நிற்கிறது என்று சரிபாருங்கள். பிறகு மண்ணைத் தட்டி ஒரு மெல்லிய பட்டை எடுத்து மேலிமையாக விழிமேல் போர்த்துங்கள். போர்த்தும்போதே இரண்டு விஷயம் புரியும். இமைக்கு ஒரு கனம் உண்டு, அந்தக் கனத்தின் விளிம்பு வெளிச்சத்தைப் பிடிக்கும், அதன் நிழல் விழிமேல் விழும். உங்கள் மாடல்களில் இமை பேப்பர் மாதிரி இருக்கிறது, அதனால்தான் பார்வை வெறிக்கிறது. இன்னொன்று, பக்கவாட்டில் மேலிமை கீழிமையை விட முன்னால் நிற்கும், இரண்டுக்கும் இடையே உள்ள கோடு சாய்வாகப் போகும். கீழிமையை அடுத்து வையுங்கள். வெளிமூலையில் மேலிமை கீழிமைமேல் கொஞ்சம் ஏறி உட்காரும். மேலிமையின் உச்சி மூக்குப் பக்கமாகவும், கீழிமையின் அடி வெளிப்பக்கமாகவும் இருப்பது பெரும்பாலான முகங்களில் உண்டு, பாதாம்பருப்பு மாதிரி இரண்டு பக்கமும் சமமாகச் செய்துவிடாதீர்கள். அதோடு வெளிமூலை உள்மூலையை விடப் பின்னால் இருக்கிறதா என்று அந்த உச்சந்தலைக் கோணத்தில் பார்த்துவிடுங்கள்.

இதைச் செய்துகொண்டிருக்கும்போது தண்ணீர் தொட்டுத் தொட்டு வழவழப்பாக்கத் தோன்றும். செய்யாதீர்கள். அது மண்ணில் ஸ்மூத் பிரஷ். வைத்த துண்டு வைத்தபடியே தெரியட்டும். கண் இமை முடி, சுருக்கம், துளை எதுவும் கூடாது. முடித்து, நாலு பக்கமும் படம் எடுத்து, உடைத்து, வாளியில் போடுங்கள். சுட வேண்டாம், சுடுவதென்றால் உள்ளே குடைந்து, வாரக்கணக்கில் காயவைத்து, சூளை தேடி, அது தனிக்கதை. ஷெல்ஃபில் வைக்க ஆசைப்பட்டால் முதல் தலையையே மூன்று மாதம் மெருகேற்றிக்கொண்டு இருப்பீர்கள்.

ஆசிரியர் வேண்டுமா என்றால், வேண்டும், ஆனால் தினமும் வேண்டாம். கவின் கலைக் கல்லூரியில் சிற்பம் படித்துவிட்டு சினிமா செட்டில் மோல்டிங் வேலை செய்கிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள், வடபழனி, சாலிகிராமம் பக்கம் உங்கள் நண்பர்களில் யாருக்காவது ஒருவரையாவது தெரிந்திருக்கும். படப்பிடிப்பு இல்லாத நாளில் காசு கொடுத்து இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். அவர்கள் விளக்கமாகப் பேச மாட்டார்கள், உங்கள் தலையில் கட்டையை வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு "இப்பப் பாரு" என்பார்கள். அந்த ஒரு தட்டு போதும்.

மரபுச் சிற்பம் கற்றுக்கொள்ளலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து அய்யனார் குதிரைகள், புதுச்சேரி வில்லியனூரின் சுடுமண் வேலை இவற்றையெல்லாம் போய்ப் பாருங்கள், கண்ணுக்கு நல்லது, பெரிய உருவத்தை எவ்வளவு குறைவான வடிவங்களில் சொல்லிவிட முடியும் என்று தெரியும். ஆனால் அந்தக் குதிரை உள்ளே கூடாக, வட்டம் வட்டமாக ஏற்றிக் கட்டுவது, உங்கள் முகப் பிரச்சினையை அது தீர்க்காது. சுவாமிமலை ஸ்தபதிகளின் மெழுகு வேலை வேறு வகையில் உதவும். அவர்கள் தென்னை ஓலையை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு எடுப்பார்கள், சிவன் விஷ்ணு போன்ற மூர்த்திகளுக்கு உத்தம தசதாளம் என்று மொத்த உயரத்தை 124 பங்காக வைத்து முகத்துக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. நிஜ மனித உடம்பின் அளவு இல்லை இது, வேண்டுமென்றே கூட்டிக் குறைத்த அளவு. ஸ்டைலைஸ்டு கேரக்டர் செய்கிறவர்கள் தலையைப் பெரிதாக்கி, காலைக் குட்டையாக்கி மனம்போன போக்கில் இழுப்பதற்குப் பதிலாக, ஒரு கணக்கு வைத்து இழுத்தால் பத்துக் கேரக்டரும் ஒரே உலகத்து ஆட்களாகத் தெரிவார்கள். அந்த அளவுக்கு இப்போது எடுத்துக்கொண்டால் போதும்.

உடம்பு செய்யும்போது மெரினாவுக்குப் போங்கள். உழைப்பாளர் சிலை, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் வைத்தார்கள். இவர்தான் சென்னை ஓவியக் கல்லூரிக்கு (இன்றைய கவின் கலைக் கல்லூரி) முதல்வராக இருந்த முதல் இந்தியர். எல்லாரும் ரோட்டிலிருந்து பார்த்துவிட்டுப் போகிற சிலை அது. வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் போய்ச் சுற்றி நடந்து பாருங்கள், நாலு ஆட்கள் ஒரு பாறையைத் தள்ளுகிறார்கள், நாலு பேரின் எடையும் வேறு வேறு இடத்தில் இறங்குகிறது. பின்பக்கம் நின்று குதிகாலைப் பாருங்கள், எந்தக் கால் எடை தாங்குகிறது, அந்தப் பக்க இடுப்பு எப்படி ஏறியிருக்கிறது, முதுகுத்தண்டு அதற்கு ஏற்ப எப்படி வளைகிறது என்று. கிட்டப் போய்ப் பார்த்தால் தோல் துளை ஒன்றும் கிடையாது, பல இடங்களில் பரப்பு முரடாகவே இருக்கிறது. இருந்தும் பாறை கனக்கிறது என்று தெரிகிறது. போட்டோ எடுக்காமல் ஒரு நோட்டில் சுற்றுக்கோடு மட்டும் வரையுங்கள், எட்டுக் கோணத்தில்.

இனி, மண்ணிலிருந்து மானிட்டருக்கு. இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண், நிறையப் பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். மண்ணில் ஒரு தலை முடித்த அதே வாரத்தில் அதே தலையை இசட்பிரஷிலோ பிளெண்டரிலோ செய்யுங்கள், சில கட்டுப்பாடுகளோடு. டைனாமெஷ், அதாவது உருவத்தின் நுணுக்க அளவு, 128-க்கு மேல் போகக் கூடாது. பிரஷ்களில் கிளே பில்டப் (சேர்க்க), மூவ் (நகர்த்த), ஒரு டிரிம் (தட்டையாக்க), மூன்றுதான். ஷிஃப்ட் கிடையாது. மண்டை உருவம் வந்ததும் சிமெட்ரியை அணைத்துவிடுங்கள். பெர்ஸ்பெக்டிவை, அதாவது கிட்டத்தில் இருப்பது பெரிதாகத் தெரிகிற பார்வையை, அணைத்துவிட்டே பலரும் முகம் செய்கிறார்கள், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மேட்கேப்பை மாற்றி, நிழல் விழுகிற ஒரு ரெண்டரில் பக்கவாட்டு விளக்கு வைத்து அடிக்கடி பாருங்கள். உச்சந்தலைக் கோணம், மோவாய்க்குக் கீழிருந்து பார்க்கும் கோணம் இரண்டையும் விடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிட்டு மண் தலையின் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் சில தடவை டிஜிட்டல்தான் மோசமாக இருக்கும். அது நல்ல அறிகுறி, பார்க்கிற கண் முன்னேறிவிட்டது, கை பின்தொடர வேண்டும்.

எவ்வளவு நாள் ஆகும் என்று நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். வாரக்கடைசியில் மட்டும் செய்கிறவருக்கு ஆறு மாதத்தில் லீட் கவனிக்கிற அளவு வித்தியாசம் தெரியும் என்பது என் அனுமானம், ஒரு மாதத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

மண் சொல்லித்தராத விஷயமும் நிறைய இருக்கிறது. டோபாலஜி, அதாவது மாடலின் பரப்பில் கோடுகள் ஓடுகிற அமைப்பு, வராது. வாய் திறந்தால் மடிகிற இடத்தில் எட்ஜ் லூப் (வளையமாக ஓடும் கோடு) எங்கே போக வேண்டும் என்று மண்ணுக்குத் தெரியாது. யூவி, பேக்கிங், பாலிகான் பட்ஜெட் என்று மாடலைக் கேமுக்குத் தயார்செய்கிற வேலை எதற்கும் உதவாது. ஏற்கெனவே அதில் நீங்கள் பலம் என்று படம் பார்த்தாலே தெரிகிறது, அதனால்தான் உங்களுக்கு மண்ணைச் சொல்கிறேன். இதையே டோபாலஜியில் திணறுகிற ஒருவர் கேட்டிருந்தால், மண்ணை விடு, முதலில் ரீடோபோ (அந்தக் கோடுகளைத் திரும்ப அமைப்பது) பழகு என்றுதான் எழுதியிருப்பேன்.

கடைசியாக போர்ட்ஃபோலியோ. மண் தலையைச் செல்போனில் சுற்றிப் படம் எடுத்து போட்டோகிராமெட்ரியில் (படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் எடுக்கும் முறை) ஸ்கேன் பண்ணத் தோன்றும், பண்ணுங்கள், உங்கள் டிஜிட்டல் தலைமேல் அதை வைத்துப் பார்த்தால் எங்கே பிசகியது என்று மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். ஆனால் அந்த ஸ்கேனைச் சுத்தம் செய்து "நான் மாடல் செய்தது" என்று போடாதீர்கள், ஸ்கேன் என்றால் ஸ்கேன் என்று எழுதுங்கள். 1877-இல் பிரெஞ்சுச் சிற்பி ரோடான் தன் வெண்கல யுகம் சிலையை வைத்தபோது, ஆள்மேல் நேரடியாக அச்சு எடுத்துவிட்டார் என்று பழி வந்து, அப்படி இல்லை என்று காட்ட மாடலின் போட்டோ வரைக்கும் கொண்டுவந்து நிரூபிக்க வேண்டியிருந்தது. நம் காலத்தில் அந்தச் சந்தேகம் இன்னும் சீக்கிரம் வரும், அதனால் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வையுங்கள். மண் வேலைக்கு என்று கடைசியில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும், நாலு கோணத்தில் ஒரே ஒரு தலை, உள்ளதில் நல்லது. இப்போதைக்கு அந்த மீனவரைப் போர்ட்ஃபோலியோவிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த உடை, கையில் இருக்கும் வலை, துருப்பிடித்த நங்கூரம் மூன்றும் நன்றாக இருக்கின்றன, அவற்றைத் தனி ப்ராப் (பொருள்) வேலையாகப் போடுங்கள், தலையை மட்டும் புதிதாகச் செய்து அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். செய்ததும் அனுப்புங்கள், பக்கவாட்டுப் படத்தையும் சேர்த்து.